வீட்டுச் செடிகளை நாய் தின்னும்போது: அறிகுறியைப் பார்த்துக் காரணம் அறியும் வழிமுறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்துச் சிறுநகரங்களில், தோட்டத் தொழிலாளரின் பழைய லயன் வீடானாலும் தாமான் எனும் குடியிருப்புப் பகுதியின் வரிசை வீடானாலும், வாசலில் ஒரு கறிவேப்பிலை மரம், துளசி, கொஞ்சம் மல்லிகை, பூச்சாடிகளில் சில அலங்காரச் செடிகள், இவற்றோடு ஒரு நாயும் இருப்பது வழக்கம். செடி பாழானதும் எல்லோரும் முதலில் கேட்பது, எதைத் தூவினால் நாய் அந்தப் பக்கம் வராது என்பதைத்தான். அதைத் தேடுவதற்கு முன், செடியின் எந்தப் பகுதி, எந்த நேரத்தில், எவ்விதமாகச் சேதமடைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாய் நாடுவது இலையையா, தண்டையா, வேரையா, மண்ணையா என்பது தெரிந்துவிட்டால், காரணம் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். பல வீடுகளில் அந்தக் காரணத்தை உண்டாக்கியவர்கள் நாமாகவே இருப்போம்.

கீழே உள்ளவற்றில் உங்கள் வீட்டு நிலைமைக்குப் பொருந்தும் அறிகுறியிலிருந்து தொடங்கலாம். முதல் பகுதியை மட்டும் அனைவரும் படித்துவிட வேண்டும்.

எச்சில் ஒழுகுகிறது, வாந்தி எடுக்கிறது, தள்ளாடுகிறது

செடியைக் கடித்த சற்று நேரத்தில் நாய் எச்சில் வடித்து, முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டு, தண்ணீர்க் கிண்ணத்தருகே போய்க் குடிக்க முடியாமல் திரும்பினால், அது சேம்புக் குடும்பத்துச் செடி எதையாவது கடித்திருக்க வாய்ப்பு அதிகம். கெலாடி என்று நாம் சொல்லும் வண்ண இலைச் செடிகள், மணி பிளாண்ட், டிஃபன்பாக்கியா, பிலோடென்ட்ரான் ஆகியவற்றில் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன; அவை நாக்கிலும் ஈறிலும் குத்தி எரிச்சலூட்டுகின்றன. ஈரத் துணியால் வாயைத் துடைத்து, குடிக்கக் குளிர்ந்த நீர் வைத்தால், பெரும்பாலான நாய்கள் சில மணி நேரத்தில் தேறிவிடும். தொண்டை வீங்கி மூச்சுத் திணறினால் காத்திருக்கக் கூடாது.

இதே அறிகுறி மழை பெய்த இரவில் தோன்றினால், செடியை விட்டுவிட்டுத் தேரையைச் சந்தேகிக்க வேண்டும். பூச்சாடிகளின் அடியில் ஈரத்துக்கு ஒதுங்கும் தேரையை நாய் கவ்வினால், அதன் தோலில் சுரக்கும் நஞ்சு வாயில் நுரை தள்ளச் செய்வதோடு இதயத்தையும் பாதிக்கக்கூடும். நாயின் தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, கடைவாய் ஓரமாக நீரை ஓடவிட்டு, அந்த நீர் தொண்டைக்குள் போகாதபடி நன்றாகக் கழுவி, மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

அரளி, மஞ்சள் அரளி, அடினியம் ஆகிய மூன்றும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு கொண்டவை. அரளியின் நஞ்சு இலை காய்ந்த பிறகும் போவதில்லை. சாமிப் படத்துக்குச் சாத்திய அரளி மாலை வாடியதும், காலில் மிதிபடக் கூடாது என்று செடியின் அடியில் போடுவது நம் வீடுகளில் உள்ள பழக்கம். நாய் உள்ள வீட்டில் அதை மூடியுள்ள தொட்டியில் போடுவதே சரி. சாகோ பாம் என்று நர்சரியில் விற்கப்படும் சைக்காஸ் இவை எல்லாவற்றையும்விட ஏமாற்றக்கூடியது. அதன் விதையில் நஞ்சு மிக அதிகம். ஓரிரு விதைகளே ஒரு நாயைக் கொல்லப் போதும். தின்ற அன்று வாந்தி எடுத்துவிட்டு மறுநாள் தெளிந்ததுபோல் திரியும் நாய்க்கு, இரண்டு மூன்று நாளில் கல்லீரல் செயலிழக்கலாம். ஆகவே சைக்காஸைத் தின்றது தெரிந்தால், நாய் நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் அன்றே கிளினிக்குப் போக வேண்டும்.

செடியைச் சாராத இரண்டு நஞ்சுகளும் இங்கே நினைவில் இருக்க வேண்டும். செம்பனை எனும் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் எலிக்கு வைக்கப்படும் மெழுகுக் கட்டிகள் பெரும்பாலும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகையைச் சேர்ந்தவை. கட்டியையோ அதைத் தின்று செத்த எலியையோ நாய் தின்றால், மூன்று முதல் ஐந்து நாள் வரை ஒன்றும் தெரியாது. அதன் பிறகு சோர்வு, ஈறு வெளுப்பு, மூக்கிலோ மலத்திலோ இரத்தம் எனத் தொடங்கும். முறிமருந்தான வைட்டமின் கே1 உரிய காலத்தில் தொடங்கப்பட்டால் நாய் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இன்னொன்று, நாம் பூச்சாடியைச் சுற்றி இறைக்கும் நத்தை மருந்து. மெட்டால்டிஹைட் கலந்த அந்த உருண்டைகளில் தவிடு சேர்ப்பதுண்டு என்பதால் நாய்க்கு அது தீனியாகவே படும். தின்ற சில மணி நேரத்தில் நடுக்கமும் வலிப்பும் வரும்.

வாந்தி எடுக்க வைப்பதற்காக உப்புக் கரைசலைப் புகட்டும் பழைய வைத்தியம் மிகவும் ஆபத்தானது. உப்பே நஞ்சாகி மூளையைப் பாதிக்கும். தின்ற செடியின் ஒரு கிளையையோ மருந்துப் பொட்டலத்தையோ கையில் எடுத்துக்கொண்டு செல்லுங்கள். சிறுநகரத்தில் எந்தக் கிளினிக் இரவில் அழைப்பை எடுக்கும், அடுத்துள்ள பெரிய ஊருக்குப் போக வேண்டுமா என்பதை ஒன்றும் நடக்காத நாளிலேயே விசாரித்து வைக்க வேண்டும்.

இலையில் ஓட்டை விழுகிறது, ஓரம் வளைவாக அரிக்கப்பட்டிருக்கிறது

இது நாயின் வேலை அன்று. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் இலை ஓரம் சீராக அரிக்கப்பட்டு நடுநரம்பு மட்டும் மிஞ்சியிருந்தால், இலையின் பின்புறத்தில் பச்சையாகவோ பறவை எச்சம்போன்ற நிறத்திலோ ஒரு புழு இருக்கும். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. விடிகாலையில் மினுமினுக்கும் கோடு தெரிந்தால் ஆப்பிரிக்க நத்தை. செடியின் தலை முழுவதும் ஒரே மட்டத்தில் மொட்டையடிக்கப்பட்டிருந்தால் அவிழ்ந்து திரியும் மாட்டையோ ஆட்டையோ தேட வேண்டும். நாய் கடித்த இலை நார்நாராகக் கிழிந்திருக்கும். பாதி மென்று துப்பிய துண்டுகள் அருகிலேயே கிடக்கும். மறுநாள் அதன் கழிவில் இலை அப்படியே செரிக்காமல் வெளிவந்திருக்கும்.

புல்லை மட்டும் மேய்கிறது

இதற்கு வைத்தியம் தேவையில்லை. வயிறு சரியில்லாததால்தான் நாய் புல் தின்கிறது என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் நாய் வளர்ப்போரிடம் விசாரித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புல் தின்னும் முன் நோயுற்றுக் காணப்பட்டவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. தின்றபின் வழக்கமாக வாந்தி எடுத்தவையும் நான்கில் ஒன்றுக்கும் குறைவு. புல் தின்பது நாயின் இயல்பான பழக்கம். அந்தப் புல்லில் களைக்கொல்லி தெளிக்கப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தெளித்த சாலையோரம், வடிகால் கரை, செம்பனை நிரை ஆகியவற்றில் மருந்து நன்றாகக் காயும்வரை நாயை நடத்தக் கூடாது. பராகுவாட் என்ற களைக்கொல்லி மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் பழைய ஸ்டோரில் எஞ்சிக் கிடக்கும் போத்தல் நாய்க்கு மட்டுமல்ல, வீட்டிலுள்ள அனைவருக்குமே எமன்.

இலை அப்படியே இருக்கிறது, அடிமண் தோண்டப்பட்டு வேர் கடிபட்டிருக்கிறது

என்னிடம் வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்ததே. எங்கள் வரிசையில் உள்ள ஒரு பெரியம்மா, "தம்பி, கருவேப்பிலக் கன்ன மறுபடி மறுபடி வெக்கிறேன், இந்தச் சனியன் விடமாட்டுது, மல்லிகையத் தொடவே மாட்டுது" என்று கூப்பிட்டுக் காட்டினார். கன்று வேரோடு சாய்ந்து கிடந்தது. ஒரு இலைகூடக் கடிபடவில்லை. தண்டின் அடியில் ஒரு சாண் ஆழத்துக்கு மண் பறிக்கப்பட்டு, அதன் சுவரில் நாய் நகத்தின் கீறல்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. குழிக்குள் கையை விட்டுக் கிளறியபோது, மண்ணோடு மண்ணாக இறால் ஓடும் மீன் செதிலும் வந்தன. ஒவ்வொரு நாளும் மீன் கழுவிய நீரை அவர் அந்தக் கன்றுக்குத்தான் ஊற்றி வந்திருக்கிறார். மல்லிகைக்கு ஊற்றவில்லை, நாயும் மல்லிகையைத் தொடவில்லை.

நாய்க்கு அங்கே செடி என்று ஒன்று இருப்பதே பொருட்டல்ல. மண்ணுக்குள் உணவு புதைந்திருக்கிறது என்று மூக்கு சொல்கிறது, அது தோண்டுகிறது, வழியில் குறுக்கிடும் வேர் கடிபடுகிறது. மீன் நீர், இறைச்சி கழுவிய நீர், எலும்புத் தூள், மீன் உரம், கோழி எருக் குருணை, ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு, புளித்த மோர் ஆகிய எல்லாம் இந்த விளைவைத் தரும். ஆமணக்குப் புண்ணாக்கு இந்த வரிசையில் தனியே நிற்கிறது: நஞ்சு முறிக்கப்படாத ஆமணக்குப் புண்ணாக்கில் ரிசின் இருக்கும்; மணத்தால் ஈர்க்கப்பட்டு அதைத் தின்ற நாய்கள் இறந்திருக்கின்றன. நாய் உள்ள வீட்டில் அதை உரமாக வைக்கவே வேண்டாம்.

மணம் ஊறிய மேல்மண்ணை ஒரு சாண் அளவுக்கு எடுத்துவிட்டுப் புதுமண் இட வேண்டும். மீன் நீரை நிறுத்திவிட்டு, நன்கு மக்கிய கம்போஸ்டையோ கடையில் விற்கும் மணமற்ற குருணை உரத்தையோ பயன்படுத்தலாம். குருணையை மேலாகத் தூவாமல் மண்ணுக்குள் கலந்து நீர் விடுங்கள். கோழி வலையைத் தண்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு வெட்டி, மண்ணின் மேல் படுக்கையாக விரித்து, ஓரங்களை உள்நோக்கி மடித்து, அதன்மேல் இரண்டு விரல் உயரத்துக்கு மண் போட்டு மூடிவிட்டால், நகம் கம்பியில் மாட்டும் அந்த உணர்வே நாயைக் கைவிடச் செய்யும். வலையின் வெட்டுமுனை மேல்நோக்கி நிற்கக் கூடாது, பாதம் கிழியும். செம்பனைக் கொட்டையின் ஓடுகளை அடர்த்தியாகப் பரப்புவதும் ஓரளவு உதவும், ஆனால் பிடிவாதமான நாயை அது நிறுத்தாது.

சமையல் கழிவை நேரே செடியடியில் புதைப்பவர்கள் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். மாங்கொட்டை, சோளக் கதிரின் நடுத்தண்டு, சமைத்த எலும்பு ஆகியவற்றை நாய் தோண்டி விழுங்கினால் குடல் அடைத்துக்கொண்டு அறுவைச் சிகிச்சைவரை போகலாம். மரவள்ளிக்கிழங்கு நட்டிருந்தால், பச்சைக் கிழங்கின் தோலிலும் இலையிலும் சயனைடை உண்டாக்கும் பொருள் இருப்பதால், அந்தப் பாத்தியை மட்டுமாவது வேலிக்குள் வைத்துவிடுங்கள்.

குட்டி நாய், செடி மட்டுமன்றிக் குழாய், செருப்பு என எல்லாவற்றையும் கடிக்கிறது

மூன்று மாதத்திலிருந்து ஏழு மாதம் வரை, 28 பால் பற்கள் விழுந்து 42 நிரந்தரப் பற்கள் முளைக்கும் காலம். ஈறு அரிப்பதால் கடிக்கிறது. செடிமீது அதற்கு விரோதம் எதுவும் இல்லை. ஈரத் துணியை முறுக்கி உறைய வைத்துக் கொடுங்கள். கெட்டியான ரப்பர் பொம்மை வாங்கிக் கொடுங்கள். இந்த நான்கு மாதத்துக்கு விலையுயர்ந்த செடிகளை உயரத்தில் தொங்கவிடுங்கள். பல் முளைத்து முடிந்ததும் பெரும்பாலும் தானாகவே அடங்கும். ஒரு வயதுக்குப் பிறகும் இது தொடர்ந்தால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

சங்கிலி எட்டும் வட்டத்துக்குள் உள்ள செடிகள் மட்டும் நாசம்

சேதமான செடிகளைச் சுற்றி ஒரு கோடு வரைந்து பாருங்கள். அது நாயைக் கட்டியிருக்கும் கம்பத்தை நடுவாகக் கொண்ட வட்டமாக அமைந்தால், வேறு ஆராய்ச்சி தேவையில்லை. வீட்டில் இருவரும் விடிகாலையிலேயே வேலைக்குப் போய்விடுகிறார்கள். நாய் மாலைவரை கட்டியே கிடக்கிறது. எட்டும் தூரத்தில் அசைவதும் சத்தம் போடுவதும் இலை மட்டுமே. அது மெல்வது சலிப்பினால். இங்கே செடியைக் காப்பதைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமில்லை என்பது என் கருத்து. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும், விலங்கு தன் இயல்புப்படி நடந்துகொள்ள வழி செய்வதை வளர்ப்பவரின் கடமையாகவே வைத்திருக்கிறது.

வெயில் ஏறும் முன் அரை மணி நேரம் நடத்திக் கூட்டி வாருங்கள். அதுவும் அவசரமாக இழுத்துக்கொண்டு போகாமல், நின்று நின்று மோப்பம் பிடிக்க விட்டு. வேலைக்குக் கிளம்பும்போது தட்டில் கொட்டும் சோற்றில் ஒரு பகுதியை, துளையிட்ட போத்தலுக்குள்ளோ முடிச்சிட்ட பழைய துணிக்குள்ளோ வைத்துக் கொடுத்தால், அதை எடுப்பதிலேயே நேரம் போகும். பிஆர்சி கம்பிவலை வேலி உள்ள வீடென்றால், நாயை அவிழ்த்துவிட்டுச் செடிகளைத் தனியாக அடைப்பதே நல்லது. நாயை அடைத்துவிட்டுச் செடிகளை வெளியே வைப்பதை எத்தனையோ வீடுகளில் பார்க்கிறேன். செடிக்கு ஓடி விளையாட வேண்டிய அவசியம் இல்லை.

நண்பகலில் பாத்திக்குள் குழி பறித்துப் படுக்கிறது

நீங்கள் நீர் விட்ட பாத்திதான் அந்த வளாகத்திலேயே குளிர்ச்சியான இடம். ஜிங் தகரக் கூரையின் கீழ் சிமெண்டுத் தரையில் மதியம் எந்த நாயும் படுக்காது. நிழலான மூலையில் ஆற்று மணலை ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டி, அதை நனைத்து வைத்து, பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணத்தையும் வையுங்கள். செடிக்கு மதியம் நீர் விடுவதை மாலைக்கு மாற்றுங்கள். சில நாளில் படுக்கை மாறிவிடும்.

மண்ணையே அள்ளித் தின்கிறது

முதலில் நாயின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். ஈறு காகிதம்போல் வெளுத்திருந்தால் இரத்தசோகை. நம் ஈரமான மண்ணில் கொக்கிப்புழு நன்றாகப் பிழைக்கிறது. அது குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்ச, இரும்புச்சத்துக் குறைந்த நாய் மண்ணை நாடும். உண்ணிக் காய்ச்சலாலும் ஈறு வெளுக்கும். காது மடலின் உட்புறத்திலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனையும் மலப் பரிசோதனையும் தேவை. கடையில் பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு அதோடு முடிந்தது என்று இருக்கக் கூடாது. கொக்கிப்புழுவின் இளம்புழு மனிதரின் வெறுங்காலிலும் புகுந்து அரிப்புத் தடிப்பை உண்டாக்கும் என்பதால், நாயின் கழிவை அன்றாடம் அள்ளுங்கள். பிள்ளைகள் அந்த மண்ணில் செருப்பில்லாமல் விளையாட வேண்டாம்.

கண்ணெதிரே தின்கிறது, அதட்டினால் இன்னும் வேகமாக விழுங்குகிறது

அதட்டிக்கொண்டு ஓடி வரும் மனிதர், தன் வாயிலிருப்பதைப் பறிக்க வருகிறார் என்று நாய்க்குத் தெரியும், ஆகவே விழுங்குகிறது. சிதைந்த செடியின் முன் நாயை இழுத்து வந்து மூக்கைத் தேய்ப்பதோ விளக்குமாற்றால் அடிப்பதோ பயனற்றது; எப்போதோ செய்ததையும் இப்போது விழும் அடியையும் அது இணைத்துப் பார்ப்பதில்லை. உங்களைக் கண்டால் பதுங்க மட்டுமே கற்றுக்கொள்ளும், அதன் பிறகு நீங்கள் இல்லாத நேரத்தில் தின்னும்.

"விடு" என்ற ஒரே சொல்லைப் பழக்குங்கள். மூடிய கையில் ஒரு தீனித் துண்டை வைத்து நீட்டுங்கள், நாய் முகரும், நக்கும், பிராண்டும், பேசாமல் இருங்கள். மூக்கை விலக்கிய அந்தக் கணத்தில் "விடு" என்று சொல்லி, மற்றக் கையிலிருந்து அதைவிட நல்ல துண்டைக் கொடுங்கள். வறுத்த நெத்திலிக்கு எந்த நாயும் மறுப்புச் சொல்வதில்லை, ஆனால் உப்பைக் கழுவிவிட்டு வறுக்க வேண்டும். இது பழகியதும் தரையில் வைத்த தீனிக்கும், பிறகு கயிற்றில் பிடித்தபடி செடிக்கு அருகிலும் செய்யுங்கள். வீட்டில் அனைவரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். தாத்தா "சீ போ" என்றும், பிள்ளைகள் "நோ" என்றும் சொல்லிக்கொண்டிருந்தால் நாய்க்கு எதுவும் விளங்காது.

எதைத் தூவினாலும் இரண்டு நாளில் திரும்பி வருகிறது

மிளகாய்த்தூள், வினிகர், எலுமிச்சைத் தோல், கசப்புத் தெளிப்பு ஆகிய எவையும் நம் ஊர் மழைக்குத் தாங்குவதில்லை; மாலையில் பெய்யும் ஒரு மழையோடு எல்லாம் வடிகாலுக்குப் போய்விடும். மிளகாய்த்தூளை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. பாதத்தில் ஒட்டி, பிறகு பாதத்தால் கண்ணைத் தேய்க்கும்போது நாய் படும் பாடு செடியின் விலைக்கு ஈடாகாது. பாச்சை உருண்டையை இறைப்பவர்களும் உண்டு. நாஃப்தலீன் நாய்க்கு நஞ்சு, குழந்தைகளுக்கும் நஞ்சு. கசப்புத் தெளிப்பைக் கூரைக்குக் கீழ் உள்ள சாடிகளுக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

மேலே சொன்ன காரணத்தைச் சரிசெய்து, அத்துடன் வேலியும் இட்டால் போதும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் பச்சைப் பூச்சுக் கம்பிவலையில், நடுத்தர நாட்டு நாய்க்கு இடுப்பளவு உயரம் போதுமானது. தாண்டும் நாய்க்கு இன்னும் ஒரு முழம் கூட்டுங்கள். வலையின் அடிப்பகுதியை ஒரு சாண் நாய் நிற்கும் பக்கமாக மடித்துத் தரையில் படுக்கவிட்டு, அதன்மேல் கல் அடுக்குங்கள். நேராக மட்டும் நட்டால் அடியில் தோண்டி நுழைந்துவிடும். செம்பனை மட்டையை வெட்டி வேலியாக அடுக்குவோர், அடித்தண்டின் முள்ளை முழுவதும் செதுக்கிய பிறகே அடுக்க வேண்டும். இடமில்லாத லயன் வாசலில் வேலிக்குப் பதில், அரளி, அடினியம், கெலாடி, சைக்காஸ் ஆகியவற்றை மட்டும் மதில்மேலோ வீட்டுக்குப் பின்புறமோ மாற்றிவிட்டு, நாய்க்கு எட்டும் இடத்தில் மல்லிகை, ரோஜா, இட்லிப்பூ ஆகியவற்றை வையுங்கள். அவற்றைக் கடித்தாலும் நாய்க்கு நஞ்சேறாது. வேலியை அகற்ற நினைத்தால், "விடு" என்றதும் நாய் செடியை விட்டுத் திரும்பும் பழக்கம் வீட்டில் எல்லோரிடமும் ஒன்றுபோல் வந்த பிறகு, ஒரு பக்கத்தை மட்டும் முதலில் திறந்து பாருங்கள்.